பல்கலைக்கழகத்துக்குள்ளேயே 90 வருஷம் ஒளிந்திருந்த பள்ளிக்கூடம்!

அமெரிக்காவில் இருக்கும் மகன், மகள் வீட்டுக்கு விசிட்டர் விசாவில் போகும் நம்மூர் அப்பா அம்மாக்களுக்கு நயாகரா, நியூயார்க், வாஷிங்டன் என்று ஒரு வழக்கமான சுற்று உண்டு. அந்த வாஷிங்டனிலிருந்து தெற்கே காரில் மூன்று மணி நேரம் போனால், வர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்பர்க் என்ற சின்ன ஊர் வரும். ரயிலும் உண்டு. ஊரின் ஒரு முனையில் 1693-ல் தொடங்கிய வில்லியம் அண்ட் மேரி பல்கலைக்கழகம். ஹார்வர்டுக்கு அடுத்தபடியாக அமெரிக்காவின் இரண்டாவது பழைய உயர்கல்வி நிறுவனம் இதுதான்.

இந்தப் பல்கலைக்கழக வளாகத்தின் ஓரத்தில், பிரின்ஸ் ஜார்ஜ் தெருவில் 524-ம் எண்ணில், சில வருஷங்களுக்கு முன்பு வரை ஒரு வெள்ளை நிற மர வீடு இருந்தது. ராணுவ அறிவியல் துறையின் அலுவலகம். உள்ளே மேஜை, நாற்காலி, ஃபைல்கள். வெளியே பார்த்தால், அந்த ஊரில் இருக்கும் நூறு வீடுகளில் இதுவும் ஒன்று.

2023 பிப்ரவரி 10-ம் தேதி அந்த வீட்டை அடியோடு தூக்கி, பெரிய டிரெய்லர் வண்டியில் ஏற்றி, ஊர்வலம் போல மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு போனார்கள். வழி நெடுகச் சாலையின் இருபுறமும் ஜனம் நின்றது. தேர் நிலைக்கு வருவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

ஒரு பழைய ஆபீஸ் கட்டடத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளுக்காக நடந்த பள்ளிகளில், கட்டடம் இன்றுவரை எஞ்சி நிற்பவற்றில் மிகப் பழையது அதுதான். ராணுவத் துறைக்காரர்கள் வேலை பார்த்த அந்த அறைகளில்தான், 1760-ல் அடிமைக் குழந்தைகள் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தார்கள்.

ஒரே ஊர், மூன்று பள்ளிகள்

1760-ல் வில்லியம்ஸ்பர்க் சாதாரண ஊர் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த வர்ஜீனியா காலனியின் தலைநகரம். கவர்னர் மாளிகை, சட்டசபை, அச்சுக்கூடம், சத்திரங்கள் என்று எல்லாம் அங்கே. ஊர் மக்களில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் அடிமைகள். சமையல், துணி துவைத்தல், குதிரை பார்த்தல், குழந்தை வளர்த்தல் என்று ஊரின் மொத்த வேலையும் அவர்கள் தலையில்.

அந்த வருஷம் மார்ச் மாதத்தில், பதினாறு வயது முடிந்து பதினேழை நெருங்கிய ஒரு பையன் கல்லூரியில் சேர வந்தான். பெயர் தாமஸ் ஜெபர்சன். பதினாறு வருஷம் கழித்து அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், பின்னாளில் ஜனாதிபதியானவர். அவர் லத்தீனும் கணிதமும் படித்தது இங்கேதான்.

கல்லூரிக்குள்ளேயே இன்னொரு பள்ளியும் இருந்தது. பூர்வகுடி அமெரிக்கச் சிறுவர்களை ஆங்கிலக் கிறிஸ்தவர்களாக மாற்றுவதற்கான பள்ளி. 1723-ல் அதற்காகக் கட்டிய பிராஃபர்ட்டன் கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது. அதற்குப் பணம் வந்த இடம் ஆச்சரியமானது. ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பில் ‘பாயில் விதி’ படித்திருப்போமே, அந்த ராபர்ட் பாயிலின் சொத்திலிருந்து வந்த பணம்!

மூன்றாவதுதான் நம் கதையின் பள்ளி. 1760 செப்டம்பர் 29-ம் தேதி, கல்லூரிக்குப் பக்கத்திலேயே, பிரின்ஸ் ஜார்ஜ் தெருவும் பவுண்டரி தெருவும் சந்திக்கும் இடத்தில், டட்லி டிக்ஸ் என்பவருக்குச் சொந்தமான புத்தம் புது வீட்டை வாடகைக்கு எடுத்துத் தொடங்கினார்கள். வெள்ளைக்கார இளைஞர்கள் படிக்கும் கல்லூரியும், அடிமைக் குழந்தைகள் படிக்கும் பள்ளியும் கூப்பிடு தூரத்தில் இருந்தன.

தரங்கம்பாடி வரை நீளும் ஒரு நூல்

பள்ளியின் பெயர் ‘பிரே பள்ளி’. தாமஸ் பிரே என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் பெயர் அது. புத்தகங்களின் மீது தீராத பிரியம் கொண்ட மனிதர். போகிற இடமெல்லாம் நூலகம் வைக்க வேண்டும் என்று நினைத்தவர். 1698-ல் லண்டனில் கிறிஸ்தவ அறிவைப் பரப்பும் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர்.

இந்தச் சங்கத்தின் பெயர் தமிழ் அச்சு வரலாறு தெரிந்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழில் புத்தகம் அச்சிட ஆரம்பித்தாரே, அதற்கு லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் அனுப்பி உதவியது இதே சங்கம்தான். தமிழ் எழுத்து அச்சுகள் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்தன. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி முடிந்தது. ஆக, காவிரிக் கடற்கரை ஊருக்கு எழுத்தை அச்சில் கொண்டுவந்த அதே கைகளின் நிழல், அட்லாண்டிக் கடலுக்கு அந்தப்பக்கம் இருந்த ஒரு சின்ன மர வீட்டின் மீதும் விழுந்திருக்கிறது.

பிரே 1730-ல் இறந்துவிட்டார். ஆனால் 1724-ல் அவர் அமைத்த ‘டாக்டர் பிரே கூட்டாளிகள்’ என்ற இன்னொரு அமைப்பு, அமெரிக்கக் காலனிகளில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்துவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. எங்கெங்கே தொடங்கலாம் என்று அவர்கள் ஆலோசனை கேட்ட ஆள், அப்போது லண்டனில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னலையும் பட்டத்தையும் வைத்து நாம் படித்த அதே பிராங்க்ளின். அவர் சொன்ன ஊர்களில் ஒன்று வில்லியம்ஸ்பர்க். காரணம் இருக்கிறது. வில்லியம் அண்ட் மேரி 1756-ல் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்திருந்தது. ஊரின் அச்சுக்கூடக்காரர் வில்லியம் ஹன்டர், காலனிகளின் தபால் துறையை அவரோடு சேர்ந்து நிர்வகித்தவர். ஹன்டரும், கல்லூரியின் தலைவர் தாமஸ் டாசனும் பள்ளியைத் தொடங்கிவைத்தார்கள்.

பிராங்க்ளின் அந்தக் காலத்தில் அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1763-ல் பிலடெல்பியாவில் இதே அமைப்பு நடத்திய பள்ளிக்கு நேரில் போய்ப் பார்த்த பிறகு, கறுப்பினக் குழந்தைகளின் அறிவுத்திறன் வெள்ளைக் குழந்தைகளுக்குச் சமமாகவே இருக்கிறது என்றும், இதுவரை தான் வைத்திருந்த எண்ணத்துக்கு நியாயம் சொல்ல முடியாது என்றும் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். பிற்காலத்தில் அடிமை ஒழிப்புச் சங்கம் ஒன்றின் தலைவரும் ஆனார். ஒரு வகுப்பறையைப் பார்த்து மனம் மாறிய பெரிய மனிதர்களில் அவரும் ஒருவர்.

டீச்சரம்மா ஆன் வேஜர்

வில்லியம்ஸ்பர்க் பள்ளிக்கு ஒரே ஒரு ஆசிரியை. பெயர் ஆன் வேஜர். கணவரை இழந்தவர். அதற்கு முன்பு பெரிய பண்ணை வீடு ஒன்றில் வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம். 1760-லிருந்து 1774-ல் இறக்கும் வரை, பதினான்கு வருஷமும் அவர்தான் அந்தப் பள்ளி.

சீக்கிரமே 24 பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். பிறகு முப்பது, முப்பத்து நான்கு என்று ஏறியது. மூன்று வயதுக் குழந்தையிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகள் வரை எல்லோரும் ஒன்றாக. நம்மூர் திண்ணைப் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளலாம். கோடைக்காலத்தில் காலை ஆறு மணிக்கு, குளிர்காலத்தில் ஏழு மணிக்குப் பள்ளி திறக்க வேண்டும் என்று விதி. எழுத்துக்கூட்டுதல், வாசித்தல், திருத்தமாகப் பேசுதல், பைபிள், ஜெபப் புத்தகம். பெண் குழந்தைகளுக்குக் கூடுதலாகத் தையலும் பின்னலும். பாடப்புத்தகங்கள் லண்டனிலிருந்து கப்பலில் வந்தன.

இதை வாசிக்கும்போது, அடடா, எவ்வளவு நல்ல மனசு என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

பள்ளியின் விதிகளிலேயே இன்னொன்றும் எழுதி வைத்திருந்தார்கள். எஜமானர்களுக்கு உண்மையாகவும் கீழ்ப்படிந்தும் நடக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். அடிமை முறையை ஒழிப்பது அந்தப் பள்ளியின் நோக்கத்தில் எந்த இடத்திலும் கிடையாது. கிறிஸ்தவர் ஆகட்டும், ஒழுக்கமாக இருக்கட்டும், தன் நிலைமையை ஆண்டவன் விதித்ததாக ஏற்றுக்கொள்ளட்டும் என்பதுதான் கணக்கு. பைபிளை வாசிக்க எழுத்து தெரிய வேண்டும். அதனால் எழுத்து. அவ்வளவுதான்.

பள்ளியின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர்களில் நீண்ட காலம் இருந்தவர் ராபர்ட் கார்ட்டர் நிக்கோலஸ் என்ற வழக்கறிஞர். அவரும் அடிமைகளை வைத்திருந்தவர். அவர் லண்டனுக்கு எழுதிய கடிதங்கள் இங்கிலாந்தில் பத்திரமாக இருக்கின்றன. பெரும்பாலும் புலம்பல். சின்னக் குழந்தைகளாக இருக்கும்போது, வீட்டில் தொந்தரவு இல்லாமல் இருக்கட்டும் என்று எஜமானர்கள் அனுப்பிவைக்கிறார்கள். கொஞ்சம் வளர்ந்து எடுபிடி வேலைக்கு ஆகிற வயசு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள் என்று எழுதுகிறார். குறைந்தது மூன்று வருஷமாவது படிக்க விட வேண்டும் என்று விதி போட்டுப் பார்த்தார். பெரிதாக நடக்கவில்லை. எட்டு வயசுப் பெண் குழந்தை பாதியில் பள்ளியிலிருந்து நின்று, அடுப்படியில் விறகு அள்ளிக்கொண்டிருக்கும் காட்சி நமக்கும் ரொம்ப தூரத்துச் சங்கதி இல்லையே.

நிக்கோலஸ் செய்த ஒரு காரியத்துக்கு இன்று எல்லோரும் நன்றி சொல்கிறார்கள். 1762, 1765, 1769 ஆகிய மூன்று வருஷங்களின் மாணவர் பட்டியலை அவர் லண்டனுக்கு அனுப்பினார். அந்தப் பட்டியல்கள் கிடைத்திருக்கின்றன. குழந்தையின் பெயர், பக்கத்தில் அதன் எஜமானர் பெயர். மொத்தம் 86 பிள்ளைகள்.

எஜமானர்கள் பெயர்களைப் பார்த்தால் ஊரின் பெரிய மனிதர்கள் பட்டியல் மாதிரி இருக்கும். பின்னாளில் அமெரிக்கக் காலனிகளின் கூட்டுப் பேரவைக்கு முதல் தலைவரான பெய்ட்டன் ராண்டால்ஃப் வீட்டுக் குழந்தைகள் இருக்கிறார்கள். சத்திரக்காரப் பெண்மணிகள் அனுப்பிய குழந்தைகள் இருக்கிறார்கள். 1769 பட்டியலில் ஆதம், ஃபேனி என்று இரண்டு பெயர்கள். எஜமானர் யார் என்ற இடத்தில், ‘கல்லூரி’. ஆம், வில்லியம் அண்ட் மேரி கல்லூரிக்கே அடிமைகள் இருந்தார்கள். அந்த இரண்டு குழந்தைகளும் கல்லூரியின் சொத்து!

“அவனுக்கு வாசிக்கத் தெரியும்”

படித்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்? இரண்டு குடும்பங்களின் கதை கொஞ்சம் துலக்கமாகக் கிடைக்கிறது.

ஜான் ஆஷ்பி, மேரி ஆஷ்பி இருவரும் அண்ணன் தங்கச்சி. அப்பா மேத்யூ ஆஷ்பி சுதந்திர மனிதர். வண்டி ஓட்டிப் பிழைத்தவர். ஆனால் அம்மா ஆன் அடிமை. அந்தக் காலத்து வர்ஜீனியா சட்டப்படி அம்மா அடிமை என்றால் பிள்ளைகளும் அடிமை. அப்பா யாராக இருந்தாலும் கணக்கில்லை. மேத்யூ சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் 150 பவுண்டு கொடுத்துத் தன் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அவர்களுடைய எஜமானரிடமிருந்து விலைக்கு வாங்கினார். ஆன் வேஜருக்கு ஒரு வருஷச் சம்பளமே 20 பவுண்டு என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தத் தொகையின் கனம் புரியும். வாங்கினால் மட்டும் போதாது, விடுதலை செய்ய அரசாங்க அனுமதி வேண்டும். 1769-ல் கவர்னரின் ஆலோசனைச் சபைக்கு மனுப் போட்டு அதையும் வாங்கினார். அதே வருஷத்துப் பள்ளிப் பட்டியலில் ஜானும் மேரியும் இருக்கிறார்கள். இரண்டு வருஷத்தில் மேத்யூ இறந்துபோனார். அவர் பெண்டாட்டி பிள்ளைகள் யாருக்கும் சொத்தாகப் போகவில்லை.

இன்னொருவன் ஐசக் பீ. 1765 பட்டியலில் இருப்பவன். அவன் அப்பாவும் சுதந்திர மனிதர்தான், அம்மா அடிமை. வில்லியம்ஸ்பர்க்கில் ஜான் பிளேர் என்ற பெரிய அதிகாரியின் வீட்டில் இருந்தான். அவர் இறந்த பிறகு லூயிஸ் பர்வெல் என்பவருக்குச் சொந்தமானான். 1774 ஆகஸ்ட்டில் ஆன் வேஜர் காலமானார், பள்ளி மூடப்பட்டது. அடுத்த மாதமே, ஊர்ப் பத்திரிகையான வர்ஜீனியா கெஸட்டில் ஒரு விளம்பரம் வந்தது. ஐசக் பீ ஓடிவிட்டான், பிடித்துக் கொடுங்கள் என்று பர்வெல் கொடுத்த விளம்பரம். வயது பதினெட்டு, பத்தொன்பது இருக்கும். தன் அப்பா சுதந்திர மனிதர், அதனால் தனக்கும் சுதந்திரத்துக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறான் என்று அதில் எழுதியிருந்தது. கூடவே ஓர் எச்சரிக்கை. அவனுக்கு வாசிக்கத் தெரியும். எழுதத் தெரியுமா என்று தெரியவில்லை. யாரையாவது பிடித்துப் போலி அனுமதிச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்வான்.

ஐசக்கைத் தேடியவருக்கு அவனுடைய உயரம், நிறம் எவ்வளவு முக்கியமோ, அவன் வாசிப்பான் என்பதும் அவ்வளவு முக்கியம். அடங்கி நடக்கச் சொல்லிக்கொடுத்த பள்ளியின் மாணவன் அவன். பாடத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்!

எஜமானர்கள் இந்த ஆபத்தைப் பிற்காலத்தில் நன்றாகவே புரிந்துகொண்டார்கள். 1831-ல் வர்ஜீனியா, கறுப்பினத்தவர்களைக் கூட்டி வாசிக்க, எழுதச் சொல்லிக்கொடுப்பதையே சட்டத்தால் தடுத்தது. ஒரு காலத்தில் தலைநகரிலேயே, ஊருக்கு நடுவிலேயே நடந்த காரியம், குற்றமாகிப்போனது.

வீட்டை மறந்த ஊர்

பள்ளி அந்த முதல் வீட்டில் ஐந்து வருஷம்தான் இருந்தது. 1765-ல் வேறு வீட்டுக்கு மாறிவிட்டது. அதன் பிறகு டிக்ஸ் வீடு யார் யாருக்கோ வீடாக இருந்தது. கூடுதல் அறைகள் கட்டினார்கள், மேல்தளத்தை மாற்றினார்கள். குழந்தைகள் படித்த ஒன்றரை மாடி வீடு, புதுச் சட்டை மேல் புதுச் சட்டையாகப் போட்டுக்கொண்டு தன் முகத்தையே மறைத்துக்கொண்டது.

1926-லிருந்து வில்லியம்ஸ்பர்க்கில் ஒரு பிரம்மாண்டமான வேலை நடந்தது. கோடீஸ்வரர் ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியரின் பணத்தில், ஊரை அப்படியே 18-ம் நூற்றாண்டுக்குத் திருப்ப ஆரம்பித்தார்கள். பிற்காலக் கட்டடங்கள் நூற்றுக்கணக்கில் இடிக்கப்பட்டன. பழையவை புதுப்பிக்கப்பட்டன. எரிந்து அழிந்துபோன கவர்னர் மாளிகையை அஸ்திவாரத்தைத் தோண்டிக் கண்டுபிடித்து, புதிதாகக் கட்டி, 1934-ல் திறந்தார்கள். இப்போது ‘காலனியல் வில்லியம்ஸ்பர்க்’ என்ற பெயரில் 301 ஏக்கரில் விரிந்திருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகம் இப்படித்தான் உருவானது.

இல்லாத மாளிகையை இவ்வளவு பாடுபட்டுக் கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1930-ல், நிஜமான 18-ம் நூற்றாண்டு வீடு ஒன்றை அதன் இடத்திலிருந்து பெயர்த்து, அதே தெருவில் கொஞ்ச தூரம் தள்ளி வைத்தார்கள். அந்த இடத்தில் மாணவியர் விடுதி கட்ட வேண்டியிருந்தது. பிரவுன் ஹால் என்று பெயர். தள்ளிவைத்த வீடு பல்கலைக்கழகக் கட்டடங்களில் ஒன்றாகக் கரைந்துபோனது. கவர்னர் எங்கே தூங்கினார் என்பது முக்கியமாக இருந்த ஊருக்கு, அடிமைக் குழந்தைகள் எங்கே படித்தார்கள் என்பது அப்போது ஒரு கேள்வியாகவே இல்லை. இடித்துத் தள்ளாமல் நகர்த்தி வைத்தார்களே, அந்த மட்டும் அதிர்ஷ்டம்.

மரம் சொன்ன சாட்சி

வீட்டைக் கண்டுபிடித்தவர் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை என்பதுதான் இந்தக் கதையின் சுவாரஸ்யம். டெர்ரி மேயர்ஸ், வில்லியம் அண்ட் மேரியின் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். ஸ்வின்பர்ன் என்ற 19-ம் நூற்றாண்டுக் கவிஞரின் கடிதங்களைத் தேடித் தொகுத்தவர். இருபது வருஷங்களுக்கு முன்பு, ஊர்க்காரர் ஒருவரின் பழைய நினைவுக் குறிப்புகளை வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு வரி அவர் கண்ணில் பட்டது. பிரின்ஸ் ஜார்ஜ் தெருவில் இருந்த 18-ம் நூற்றாண்டு வீடு ஒன்றை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டார்கள் என்ற வரி.

மற்றவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள். மேயர்ஸ் அந்த வீட்டைத் தேடிப் போனார். பத்திரங்கள், பழைய படங்கள், வரைபடங்கள் என்று தேடி, அது ராணுவ அறிவியல் துறை இருக்கும் வீடுதான் என்ற முடிவுக்கு வந்தார். பிரே பள்ளி இருந்ததும் அதில்தான் என்று சொன்னார். ஆனால் நிரூபணம் வேண்டுமே? 1910-களிலோ 20-களிலோ கட்டிய வீடு போலத்தானே வெளியே தெரிகிறது?

இடையில், 2010-களில் பிரவுன் ஹால் பகுதியில் அகழாய்வு நடந்தது. மண்ணுக்குள்ளிருந்து உடைந்த பீங்கான் துண்டுகளோடு சிலேட்டுப் பலப்பங்களும் கிடைத்தன. பிரே பள்ளியில் வாசிக்க மட்டுமே கற்றுக்கொடுத்தார்கள் என்று நம்பப்பட்டு வந்த நிலையில், பலப்பம் கிடைத்தது ஆய்வாளர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்த இடத்தில் பிற்காலத்திலும் மாணவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதால், அவை பிரே பள்ளிப் பிள்ளைகளுடையதுதான் என்று அடித்துச் சொல்லாமல் கவனமாகவே பேசுகிறார்கள். ஒருவேளை ஐசக் பீ வாசித்ததோடு நிறுத்தவில்லையோ என்று நினைத்துப் பார்க்க யாருக்கும் தடையில்லை.

கடைசியில் வீட்டின் வயதைச் சொன்னது வீட்டின் மரமே. மரத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே வளையம் வளையமாகத் தெரியும். வருஷத்துக்கு ஒரு வளையம். மழை நன்றாகப் பெய்த வருஷம் வளையம் அகலமாக இருக்கும். வறட்சி வந்த வருஷம் ஒடுங்கிப்போகும். ஒரே பகுதியில் வளர்ந்த மரங்களுக்கெல்லாம் இந்த அகலமும் ஒடுக்கமும் ஒரே வரிசையில் வரும். வயது தெரிந்த பழைய மரங்களின் வளைய வரிசையோடு ஒப்பிட்டால், ஒரு மரம் எந்த வருஷம் வெட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். 2020-ல் அந்த வீட்டின் பழைய சட்டங்களிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். மரங்கள் வெட்டப்பட்டது 1759 குளிர்காலத்துக்கும் 1760 வசந்தத்துக்கும் நடுவில். பள்ளி தொடங்கிய வருஷம் 1760. சரியாகப் பொருந்தியது.

2021 பிப்ரவரியில் பல்கலைக்கழகமும் காலனியல் வில்லியம்ஸ்பர்க்கும் சேர்ந்து செய்தியை உலகத்துக்குச் சொன்னார்கள்.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

பல்கலைக்கழகத்துக்கு இந்தக் கட்டடம் வெறும் பெருமை இல்லை. அது ஒரு பழைய கணக்கையும் சேர்த்தே கொண்டுவந்தது. 1769-ல் ஆதமையும் ஃபேனியையும் பள்ளிக்கு அனுப்பிய கல்லூரி, தன் விடுதியில் தங்கிப் படிக்கக் கறுப்பின மாணவிகளைச் சேர்த்தது 1967-ல்தான். முதலில் வந்தவர்கள் மூன்று பேர். தன்னுடைய அடிமை வரலாற்றை ஆராய 2009-ல் ஒரு திட்டம் தொடங்கியது. அதற்கு ‘லெமன்’ என்று பெயர். பழத்தின் பெயர் அல்ல. கல்லூரிக்கு அடிமையாக இருந்த ஒரு மனிதரின் பெயர். 2018-ல் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு முறைப்படி மன்னிப்புக் கேட்டது. பிரே பள்ளியை மட்டும் ஆராய 2021-ல் தனி ஆய்வு மையமும் வந்தது.

வீடு இப்போது வளாகத்தில் இல்லை. ஊரின் பழைய பகுதியில், பிரான்சிஸ் தெருவும் நாசோ தெருவும் சந்திக்கும் முனையில் இருக்கிறது. பிற்காலத்தில் ஒட்டவைத்த பகுதிகளை அகற்றி, 1760-ல் இருந்த வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். காலனியல் வில்லியம்ஸ்பர்க்கில் அசலாக எஞ்சியிருக்கும் 18-ம் நூற்றாண்டுக் கட்டடங்கள் 88 என்று சொல்லிவந்தார்கள். இது 89-வது. 2024 நவம்பர் 1-ம் தேதி அர்ப்பணிப்பு விழா நடந்தது. அமெரிக்காவில் அடிமை முறை முடிவுக்கு வந்ததைக் கொண்டாடும் 2025 ஜூன் 19-ம் தேதி பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

போகிறவர்கள் பல்கலைக்கழகத்தின் பழைய ரென் கட்டடத்திலிருந்து நடக்க ஆரம்பிக்கலாம். வண்டி ஓடாத குளோஸ்டர் டியூக் தெரு, பழைய காலத்து உடையில் கொல்லரும் தையல்காரரும் அச்சுக்காரரும் வேலை பார்க்கும் கடைகள் என்று கண்ணுக்கு நிறைய இருக்கும். தெருவில் நடக்கக் காசு கிடையாது. கட்டடங்களுக்குள் போகத்தான் டிக்கெட். வழியில் தெற்கே திரும்பினால் நாசோ தெரு.

பள்ளிக்குப் பக்கத்திலேயே இன்னொரு வெற்றிடத்தையும் பார்க்கத் தவறக் கூடாது. 1776-ல் உருவான, அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பினத் திருச்சபைகளில் ஒன்றான முதல் பாப்டிஸ்ட் திருச்சபையின் கோயில் அங்கே இருந்தது. 1950-களில் அதை இடித்தார்கள். இடம் பார்க்கிங் ஆனது. கார்கள் நின்ற அந்தத் தரைக்குக் கீழே, 2020-லிருந்து நடந்த அகழாய்வில் கோயிலின் அஸ்திவாரமும் கல்லறைகளும் வெளியே வந்தன. பள்ளியை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது, யோசித்துச் செய்த காரியம்.

பதினான்கு வருஷத்தில் ஆன் வேஜரிடம் சுமார் 400 பிள்ளைகள் வரை படித்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். பெயர் கிடைத்திருப்பது 86 பேருக்கு. மீதி முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகளையும், எல்லாப் பிள்ளைகளின் வழித்தோன்றல்களையும், பழைய சொத்துப் பட்டியல்களிலும் திருச்சபைப் பதிவேடுகளிலும் குடும்பங்களின் வாய்மொழிக் கதைகளிலும் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் தேடிக்கொண்டிருக்கிறது.